கச்சான் முடிய

கேத்திலைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று எமில்டாவுக்குத் தெரியவில்லை. கீழே வைத்தால் தேத்தண்ணி ஆறிப்போகும், கையில் வைத்திருந்தால் கை நடுங்குகிறது ஊருக்கே தெரிந்துவிடும். ஊர் என்ன ஊர், இந்த நேரத்தில் தீவின் இறங்குதுறையில் நிற்கிறது அண்ணன் சூசையும், வெறும் சாக்கை மோந்து பார்க்கிற ஒரு மறியாடும்தான். அண்ணன் கயிறு கட்டுகிற கட்டையில் குந்தியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரையில் இருந்து லோஞ்சு வந்தால் அதிலிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்துக் கட்டுவது அவருடைய உத்தியோகம், கடல் கெட்டால் கம்பத்தில் சிவப்புத் துணி ஏற்றுவதும் அவர்தான். அவருக்குக் காலைத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுப்பது எமில்டாவின் வேலை, அது இன்று நேற்று வந்த வேலை இல்லை, ஆனபடியால் அவள் இங்கே வந்ததில் ஒரு புதினமும் கிடையாது. அண்ணன் குடித்து முடித்து, வாயைத் துடைத்து, பனங்கட்டித் துண்டையும் கரைத்து விழுங்கிய பிறகும் போகாமல் நிற்கிறாளே, அதுதான் புதினம். நேற்றும் நின்றாள், முந்தாநாளும் நின்றாள். "வெயில் ஏறுது, வீட்டை போவன் பிள்ளை" என்று நேற்று அண்ணன் சொன்னார். இன்றைக்கு அதையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவளுக்கு இன்னும் அந்தரமாக இருந்தது, ஏனென்றால் அண்ணனுக்கும் தெரியும். ராயப்பு என்று ஒரு மனிதர், வவுனியாப் பக்கத்தில் காணி செய்கிற கமக்காரர், இந்த லோஞ்சில் வந்து இறங்கி எமில்டாவைப் பொம்பிளை கேட்கப் போகிறார் என்று தெரியும். வந்தால் கேட்பார். வருவாரோ. வராவிட்டால் நாளைக்கு. நாளைக்கும் வராவிட்டால் கேத்திலோடு நாளன்றைக்கும் வந்து நிற்க வேண்டியதுதான், வேறு என்ன செய்கிறது, நாற்பது வயது வரைக்கும் நின்றவளுக்கு இன்னும் இரண்டு நாள் நிற்கக் கால் வலிக்குமோ.

ஆனால் எவ்வளவு வடிவான காலை, ஆண்டவரே, இப்படி ஒரு காலையை வைத்துக்கொண்டு யாராவது பயப்படுவார்களா. மாசி மாதம். இரவு பெய்த பனி இன்னும் துறையின் கல்லில் ஈரமாகக் கிடந்தது, செருப்பில்லாத காலுக்கு அது குளிர்ந்தது, அந்தக் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறிவந்து அங்கேயே நின்றது. கடல் எண்ணெய் ஊற்றி விட்டது போல் அசையாமல் கிடந்தது. அடியில் கிடக்கிற சாதாழைப் புல் ஒவ்வொரு இலையாகத் தெரிந்தது, அதற்குள்ளே ஓடுகிற குஞ்சு மீனும் தெரிந்தது. இந்தத் தீவுக்கு வருடத்தில் இப்படி ஒரு மாதத்தைக் கடவுள் ஏன் கொடுத்தார் என்றால், மற்ற மாதங்களுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் என்று எமில்டா நினைத்தாள், நினைத்துவிட்டு, ஆண்டவரை மன்னிப்புக் கேட்க வைக்கிறேனே என்று பயந்து நெஞ்சில் சிலுவை போட்டாள். வலக்கையில் கேத்தில், ஆகவே இடக்கையால் போட்டாள். அது சரியான சிலுவையோ தெரியாது. அந்த நேரம் பார்த்து வலக் கன்னத்தில் ஏதோ தொட்டது. காற்று. காற்றெழும்புகிறதோ, இவ்வளவு நாளும் சும்மா கிடந்துவிட்டு இன்றைக்கென்று எழும்புகிறதோ, அண்ணன் எழுந்து போய்ச் சிவப்புத் துணியை எடுப்பாரோ, லோஞ்சு பாதியில் திரும்பிவிடுமோ. கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். கிழக்கு. கிழக்கில் இருந்து வருகிற சின்னக் கொண்டல், காலை நேரத்துக் கொண்டல், ஒரு விளக்கைக்கூட அணைக்காது, சோம்பேறிக் காற்று. போ உன்ர வேலையைப் பார்த்துக்கொண்டு, மனுசரைப் பயப்படுத்தாதை. அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஆட்டுக்குச் சொன்னனான்" என்றாள். அண்ணன் ஆட்டைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோயிலுக்குப் போடுகிற சட்டை. உப்புக் கயிறு பிடிக்கிற மனிதர் இந்தக் கிழமை முழுக்க ஏன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வருகிறார் என்று அவள் கேட்கவில்லை, அவள் ஏன் இந்த நீலப் பூப்போட்ட சேலையோடு வருகிறாள் என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள் போல் கடலைப் பார்த்தார்கள்.

காற்றுக்குப் பயப்படாமல் என்ன செய்கிறது. அவளுக்கு வந்த சம்பந்தத்தையெல்லாம் தின்றது இந்தக் காற்றுத்தானே. முதலில் வந்தவர்கள் ஆனி மாதத்தில் வந்தார்கள், யார் சொல்லி ஆனியில் புறப்பட்டார்களோ, தெற்கில் இருந்து சோழகம் மரத்தைப் பிடுங்குகிற மாதிரி அடித்தது. நடுக்கடலில் மாப்பிள்ளையின் தாய் வாந்தி எடுத்து, மாப்பிள்ளை வாந்தி எடுத்து, தரகரும் வாந்தி எடுத்து, "இந்தத் தீவில பொம்பிளை எடுக்கிறதிலும் பார்க்கக் கட்டாமல் இருக்கலாம்" என்று லோஞ்சைத் திருப்பச் சொல்லிப் போனார்களாம். இங்கே அவள் சேலை உடுத்து, பூ வைத்து, பலகாரம் சுட்டு அடுக்கி வைத்திருந்தாள். அந்தப் பலகாரத்தைத் தின்று முடிக்க ஒரு கிழமை எடுத்தது. இரண்டாவது சம்பந்தம் கார்த்திகையில் வந்தது, கடும் மாரி, துறை தெரியாத மழை, சிவப்புத் துணி கம்பத்தில் இருந்து இறங்கவே இல்லை, வாடை வேறு பிடித்துக்கொண்டது, அக்கரையில் மூன்று தரம் வந்து காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் முற்றாக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் என்ன பிழை. மூன்று தரம் வந்தார்களே. அந்த முறை அண்ணன் துணியை ஏற்றுகிறபோது அவளைப் பார்க்காமல் ஏற்றினார், அது அவளுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பாவம் அண்ணன், தன் கையாலேயே தங்கச்சியின் சம்பந்தத்துக்குச் சிவப்புத் துணி காட்ட வேண்டி வந்ததே. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அவளும் மறந்துவிட்டாள், மறந்தாளோ, மறந்த மாதிரித்தான் இருந்தது, கிணறு, அடுப்பு, கோயில், கேத்தில் என்று நாள் ஓடியது, மடுத் திருநாளுக்குப் போகும் வரைக்கும்.

மடு என்றால் காடு, காட்டுக்குள்ளே மாதா கோயில், ஆவணித் திருநாளுக்கு நாடு முழுக்க அங்கேதான் நிற்கும். தீவுச் சனம் ஒரு பாலை மரத்தடியில் சேலைகளைக் கட்டி மறைத்துக்கொண்டு கிடந்தது, பக்கத்து மரத்தடியில் வவுனியாச் சனம். அவர்களை டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் ராயப்பு. ஆள் உயரம், கறுப்பு, தலை அரைவாசி நரை. மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வயது போய்விட்டது என்று பிறகு சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முதல் நாள் பேச்சு வந்தது புழுதியால். காற்று செம்மண்ணை அள்ளி எல்லாருடைய சோற்றிலும் போட்டது. அவர் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "என்ன காத்தப்பா இது, சாப்பிட விடாதாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. எமில்டா வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம், இருந்தாளா, இல்லையே. "சோழகமெல்லோ, அப்பிடித்தான் அடிக்கும்" என்றாள்.

"என்னது?"

"சோழகம். தெற்கால வாற காத்து."

"காத்துக்குப் பேர் வைச்சிருக்கிறியளோ?" அவர் தட்டை மூடிய கையை எடுத்துவிட்டார், புழுதி விழட்டும் என்று. "எங்கட பக்கம் மாட்டுக்குப் பேர் வைப்பம். காத்தெண்டா காத்துத்தான்."

அதைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் படுத்திருந்த யாரோ ஒரு கிழவர் எழும்பி ஏசினார். எமில்டாவும் சிரித்தாள். மறுநாள் தண்ணீர் எடுக்கிற வரிசையில் அவர் அவளுக்கு முன்னால் நின்றார், பிறகு தன் இடத்தை நாலு பேருக்கு விட்டுக்கொடுத்து அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், வந்து நின்று, வேறு என்ன பேர் இருக்கு சொல்லுங்கோ பார்ப்பம் என்றார். பொம்பிளையைப் பார்த்துக் காற்றின் பேர் கேட்கிற மனிதரை அவள் அதற்கு முன் கண்டதில்லை. வடக்கில் இருந்து குளிர்ந்து வருகிறது வாடை, கிழக்கில் இருந்து வருகிறது கொண்டல் என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அப்போது பார்த்துக் கோயில் மணி அடித்தது, பூசை தொடங்குகிறது என்று எல்லாரும் ஓடினார்கள், மேற்கை அவள் சொல்லவில்லை. மேற்கைச் சொல்லவில்லை. அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது. எமில்டா துறையில் நின்றுகொண்டு இதை இந்தக் கிழமையில் எத்தனையாவது முறையாகவோ நினைத்தாள், ஒரு நிமிடம் பிந்தி அந்த மணி அடித்திருந்தால், மேற்குக் காற்றுக்கு எங்கள் தீவில் என்ன பேர் என்று சொல்லியிருந்தால், ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் அவள் அழுத அழுகை மிச்சமாகியிருக்குமே. மாதாவே, ஒரு நிமிடம் பிந்தி அடித்தால் உமக்கு என்ன குறைந்திருக்கும்.

திருநாள் முடிந்து டிராக்டரில் சாமான் ஏற்றுகிற நேரம் அவர் அவளைத் தேடி வந்தார். கையில் பேப்பர்ச் சுருளில் கச்சான். வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை, மடுவில் அது விற்காத கடை இல்லை, அவருடைய காணியில் விளைகிறதும் அதுதான். அவளுக்கும் நீட்டினார், அவள் இரண்டு எடுத்தாள், இரண்டுக்கு மேல் எடுத்தால் ஆசைக்காரி என்று நினைப்பார். "உங்கட அண்ணரோட நான் வந்து கதைக்க வேணும். எப்ப வரட்டும்?" என்று கேட்டார், நிலத்தைப் பார்த்துக் கேட்டார். எமில்டாவுக்குக் காது இரண்டும் சூடாகிப்போனது. ஆனால் மூளை வேலை செய்தது, நன்றாகவே வேலை செய்தது, ஆனி மாப்பிள்ளை வாந்தி எடுத்ததை நினைத்தது, கார்த்திகைச் சிவப்புத் துணியை நினைத்தது. இந்தத் தரம் காற்றுக்கு ஒரு மனிதரைத் தின்னக் கொடுக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, நல்லாக யோசித்து, தெளிவாகச் சொன்னாள். "கச்சான் முடிய வாங்கோ." ஏனென்றால் சோழகம் ஓய்ந்த கையோடு மேற்கில் இருந்து ஒரு காற்று வரும், புரட்டாதி வரைக்கும் நின்று அடிக்கும், தீவில் யாரைக் கேட்டாலும் அதற்குப் பேர் கச்சான். அது முடிந்தால் மழைக்கு முன்னால் கொஞ்ச நாள் கடல் படுத்திருக்கும், அந்த நாளுக்குள் அவர் வந்துவிடலாம். இவ்வளவும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது. அவர் தன் கையில் இருந்த பேப்பர்ச் சுருளைப் பார்த்தார்.

"கச்சான் முடியவோ? அவ்வளவு நாள் கிடக்கே!"

ஒரு மாதம் பொறுக்க மாட்டாராம் என்று நினைத்து அவள் மனம் துள்ளியது. "நல்ல விசயத்துக்குப் பொறுக்க வேணும்" என்றாள், பெரிய மனுசி மாதிரி. "பொறுப்பம்" என்றார் ராயப்பு, "வேற என்ன செய்யிறது. கச்சான் முடிஞ்ச அடுத்த கிழமையே வந்து நிப்பன்." அவ்வளவுதான் பேச்சு. தீவுக்குத் திரும்பினால் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது, பனையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இரைந்தது, யன்னல் கம்பியில், சோற்றுப் பானையில், உதட்டில் உப்பு. கிணற்றுத் தண்ணீர் சவர் ஏறி வாயில் வைக்க முடியாமல் இருந்தது. எமில்டா அந்தச் சவர்த் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றாள். மச்சாள் றோசலின், அண்ணனின் பெண்சாதி, அப்போதே கண்டுபிடித்துவிட்டாள். யார் அவர் என்று கேட்டாள். எமில்டா எல்லாவற்றையும் சொன்னாள், காற்றுப் பேர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை, அது எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு விடியலில் காற்று விழுந்தது. எழும்பிப் பார்த்தால் பனையோலை ஒன்றும் அசையவில்லை, கடலின் இரைச்சல் இல்லை, அந்த அமைதியில் அவளுக்குத் தன் காதே அடைத்த மாதிரி இருந்தது. கச்சான் முடிந்தது. லோஞ்சு ஒவ்வொரு நாளும் ஆட்டமில்லாமல் வந்தது, ஆடு வந்தது, சீமெந்து வந்தது, அக்கரைச் சுவாமியார் வந்தார், ராயப்பு வரவில்லை. நல்ல கடல் ஒவ்வொரு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பின்னேரம் வடகிழக்கில் கறுத்தது, மச்சாள் விறகை உள்ளே எடுத்தாள், எமில்டா முற்றத்தில் நின்று அழுதாள், முதல் துளி அவள் தலையில்தான் விழுந்தது. அழுகிறவள் அழட்டும் என்று மழை காத்திருக்குமா. அடித்து ஊற்றியது. தீவு முழுக்க வெளியே ஓடி வந்தது, முதல் மழைக்கு இங்கே யாரும் வீட்டுக்குள் நிற்கமாட்டார்கள், சட்டி, பானை, அண்டா எல்லாம் முற்றத்தில், சின்னது பெரியது எல்லாம் கூரைத் தண்ணீரில் தலையைக் கொடுத்துக்கொண்டு கூத்தடித்தன. மண் மணந்தது. எமில்டா அழுதுகொண்டே சிரித்தாள், எது எதென்று அவளுக்கே தெரியவில்லை, வாய்க்குள் வந்த தண்ணீர் இனித்தது. பத்து நாளில் கிணறு நல்ல தண்ணீர் ஆகிவிட்டது. வெறும் தரை முழுக்கப் புல் முளைத்தது, பள்ளத்தில் நின்ற தண்ணீரில் தவளை இரவிரவாகக் கத்தியது. இப்படியொரு பச்சையைப் பார்த்துக்கொண்டு மனம் உடைந்தவளாக நடிப்பது எவ்வளவு கஷ்டம். உடையத்தான் செய்தது. ஆனால் கிணற்றடிக்குப் போனால் மறந்துபோகும், வாளியைத் தூக்கி ஒரு வாய் குடித்தால் சந்தோசமாகிவிடும், பிறகு சந்தோசமாகிவிட்டேனே என்று வெட்கமாக இருக்கும். ஏமாத்துக்காரன், மடுமாதாவின் வாசலில் வைத்துப் பொய் சொன்னவன் என்று மச்சாள் ஏசினாள். எமில்டா ஏசவில்லை. வாடை வந்தது, எல்லாருக்கும் தடிமன் பிடித்தது, பாலன் பிறந்த நத்தார் வந்தது, கேக் சுட்டார்கள். அவர் பேரை யாரும் எடுக்கவில்லை.

தையில் மச்சாளின் சொந்தத்தில் ஒரு கலியாணம், வவுனியாவில். மச்சாள் போய்த் திரும்பி வந்து, சேலைகூட மாற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள். எமில்டா துருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், விசாரிச்சுக்கொண்டு போய் உங்கட ஆளைக் கோயில் வாசலில பிடிச்சிட்டன்."

துருவுகிற கை நிற்கவில்லை. நிற்கவிடக் கூடாது என்று எமில்டா இன்னும் கெதியாகத் துருவினாள்.

"ஏன் அண்ணை வரேல்லை, கச்சான் முடிஞ்சு எத்தினை நாள் எண்டு கேட்டன். அந்த மனுசனுக்கு விசர் மச்சாள், முழு விசர். இன்னும் முடியேல்லையே அக்கா, இப்பதானே காய் முத்துது, மாசியிலதானே கிண்டுவம், கிண்டி முடிச்ச உடன வாறன் எண்டு சொல்லுங்கோ எண்டுது. காத்து எப்பிடி மச்சாள் காய்க்கும்?"

எமில்டாவின் கை நின்றது. பேப்பர்ச் சுருள். கச்சான் முடியவோ என்று அவர் பார்த்த பேப்பர்ச் சுருள். அவ்வளவு நாள் கிடக்கே. கிடக்கும்தானே, ஆவணியில் நின்றுகொண்டு மாசியை நினைத்தால் கிடக்காதா, ஐப்பசி மழைக்கு விதைத்து மாசியில் கிண்டுகிற கடலையை அல்லவா அந்த மனிதர் நினைத்தார், விதைக்கவே இல்லாத கடலையை! பொறுப்பம் என்றாரே, அரை வருடம் பொறுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டும் பொறுப்பம் என்றாரே! ஐயோ என்ர மாதாவே. சிரிப்பு வயிற்றில் இருந்து கிளம்பியது, துருவலைக்கு மேலேயே குனிந்துவிட்டாள், தேங்காய்ப் பூ குசினி முழுக்கப் பறந்தது. மச்சாள் பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தாள். "கச்சான் மச்சாள், கச்சான்" என்று மட்டும்தான் எமில்டாவால் சொல்ல முடிந்தது, மச்சாளுக்கு விளங்க எவ்வளவு நேரமோ எடுத்தது, விளங்கின பிறகு இரண்டு பேரும் நிலத்தில் குந்தி, விலாவும் நாரியும் நோகச் சிரித்தார்கள். அண்ணன் வந்து வாசலில் நின்று, கறிக்கு என்ன என்று கேட்டார். அன்று கறி இல்லை.

ஆனால் சிரித்தால் போதுமா. கிண்டி முடித்திருப்பாரா. இந்த முறை மழை கூட, மழை கூடினால் விளைச்சலும் கூட, விளைச்சல் கூடினால் கிண்ட நாள் எடுக்கும், காய விட வேண்டும், சாக்கில் போட வேண்டும், விற்க வேண்டும். விளைச்சல் கொஞ்சம் குறையட்டும் ஆண்டவரே என்று இந்தக் கிழமை ஒருநாள் செபமாலை சொல்லும்போது அவளையறியாமல் வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லை இல்லை கூடட்டும், கூடட்டும், ஆனால் கெதியாகக் கூடட்டும் என்று மாற்றிச் சொன்னாள். பங்குனி பிறந்து, சித்திரையும் போய்விட்டால் பிறகு சோழகம். திரும்பவும் அந்தச் சோழகம். அவர் கடல் என்கிற ஒன்றையே கண்டதில்லை என்று சொன்னார், குளம்தான் பெரிய தண்ணீர் என்று சொன்னார், நீச்சலும் தெரியாதாம். இந்தக் கடல் தவறினால் அவர் எந்தக் கடலில் வருவார். வந்தாலும், பக்கத்தில் வெயிலில் நின்று அவளைப் பார்த்தால் என்ன நினைப்பார், காதோரம் நாலு நரை, மடுவில் புழுதியில் தெரிந்திருக்காது. இங்கே மாசி வெளிச்சம் கண்ணாடி மாதிரி. முந்தானையால் காதோரத்தை மூடினாள். மூடினால் யாருக்கோ துக்கம் கொண்டாடுகிற மாதிரி இருக்கும் என்று எடுத்துவிட்டாள். பிறகு கலியாணம் முடித்து எங்கே இருக்கிறது. காற்றுக்குப் பேர் இல்லாத ஊரில் விடிய எழும்பி என்னத்தைப் பார்க்கிறது. அதை நினைத்து ஒருநாள் நித்திரை கொள்ளவில்லை. இப்போது பார்த்தால், இந்தக் குளிர்ந்த கல்லில் நின்று பார்த்தால், அதற்கு என்ன, சோழகத்துக்கு அங்கே போவோம், மாசிக்கு இங்கே வருவோம், அங்கே வருகிற காற்றுக்கு நானே பேர் வைப்பேன், மாட்டுக்கு வைக்கிற பேரை வைத்தால் போகிறது. இலட்சுமி அடிக்குது, உடுப்பை எடுங்கோ. அவள் கேத்திலோடு நின்று சிரித்தாள்.

"தெரியுது" என்றார் அண்ணன்.

கடலும் வானமும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஒன்று இருந்தது. அண்ணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டார். கறுப்பு பெரிதாகி லோஞ்சாகியது, என்ஜின் சத்தம் தண்ணீர் மேலால் வந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், தலை தலையாக. இது சங்கக்கடை மனேச்சர். இது தபால்காரர். இது சந்தியா வீட்டு மருமகள், பிள்ளையோடு. இது ஆர், இது ஆரோ குடையோடு ஒரு மனுசி. உயரமாக ஒரு தலையும் இல்லை. அவள் திரும்பப் பார்த்தாள், முன்னால் இருந்து பின்னால், பின்னால் இருந்து முன்னால். இல்லை. சரி. இல்லைதானே. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்கும் இதே கடல்தான் என்று நினைத்தாள், ஆனால் கடல் இவ்வளவு நல்லாக இருக்கும்போது இல்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது, புயலென்றால் புயல் மேல் பழியைப் போடலாம், இந்த அசையாத கடல் மேல் எந்தப் பழியைப் போடுகிறது. "அண்ணை, நான் போறன்" என்றாள். கயிறு பறந்து வந்தது, அண்ணன் பிடித்தார், இழுத்தார். லோஞ்சு துறையில் மோதி விலகியது. சனம் இறங்கியது, ஆம்பிளைகளுக்கு ஆம்பிளைகள் கை கொடுத்தார்கள், பொம்பிளைகளுக்குப் பொம்பிளைகள், இந்தத் துறையில் அப்படித்தான் வழக்கம். எல்லாரும் இறங்கிய பிறகு, நடுவில் அரிசி மூட்டைகளுக்கு இடையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு லோஞ்சுத் தட்டில் குந்தியிருந்த ஒரு மனிதர் மிச்சமாக இருந்தார்.

"அண்ணை, தீவு வந்திட்டுது, கண்ணைத் திறவுங்கோ" என்று தபால்காரர் துறையில் நின்று சொன்னார். "குளத்தை விட அமைதியாக் கிடக்குது கடல், இந்தாள் வழி முழுக்க மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்தது." எல்லாரும் சிரித்தார்கள். ராயப்பு கண்ணைத் திறந்தார். எழுந்தார், நல்ல உயரம், வெள்ளை வேட்டி, முகம் வெளிறிப்போயிருந்தது. லோஞ்சு விளிம்பு வரைக்கும் வந்தார். லோஞ்சுக்கும் துறைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி, அதற்குள்ளே பச்சைத் தண்ணீர், அடியில் அசைகிற சாதாழை. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. கால் வரவில்லை. ஒரு காலைத் தூக்கினார், திரும்ப வைத்தார். "பாயுங்கோ அண்ணை", "கீழ பாராதேங்கோ", "வேட்டியை மடிச்சுக் கட்டுங்கோ", ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், சொன்னார்களே ஒழிய ஒருவரும் அசையவில்லை, அண்ணனின் இரண்டு கையும் கயிற்றில். லோஞ்சு கொஞ்சம் விலகியது. அரை வருடம் பொறுத்து, கடலையைக் கிண்டி முடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடலைத் தாண்டி வந்த மனிதர் ஒரு முழத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவாரோ. போகமாட்டார். போனால் என்ன செய்கிறது. எமில்டாவுக்குப் பிறகு ஒன்றும் யோசிக்க வரவில்லை. கேத்திலைக் கல்லில் வைத்தாள், சனத்தை விலக்கிக்கொண்டு விளிம்புக்குப் போனாள், கையை நீட்டினாள். துறையில் இருந்த பேச்சு நின்றுபோனது. கலியாணமாகாத பொம்பிளை ஒருத்தி ஊரார் எல்லாரும் பார்க்க ஒரு பிற ஆம்பிளைக்குக் கையை நீட்டுகிறாள், தீவில் இதுவரைக்கும் இல்லாத கூத்து.

"என்னைப் பாருங்கோ. தண்ணியைப் பாராதேங்கோ" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், கையைப் பிடித்தார், பெரிய கை, சொரசொரப்பு, வேர்த்து ஈரமாக இருந்தது, நடுங்கியது. அவளுடைய கையும் நடுங்கியது, இரண்டு நடுக்கமும் சேர்ந்து எது எவருடையது என்று தெரியாமல் போனது. காலை எடுத்து வைத்தார். இறங்கினார். கல்லில் நின்றார், இரண்டு காலாலும் நின்றார். மூச்சு விட்டார், அந்த மூச்சு அவள் நெற்றியில் பட்டது. சூரியன் ஏறிவந்து எல்லாருடைய தோளிலும் இளஞ்சூடாக இருந்தது. அண்ணன் கயிற்றைக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டார், ஒருமுறை இழுத்துப் பார்த்தார், வெள்ளைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். ராயப்புவைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்.

"பிள்ளை, அவர் இறங்கீட்டார். இனிக் கையை விடலாம்."

"ஏன் அண்ணை?" என்றாள் எமில்டா.